நீல இருமல்

ஐந்து வாரமாக இந்த இருமல் டிரைவர் தாலாயைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. நாரின் ஊர் பஜாரிலிருந்து பயணிகள் வேன் ஓட்டும்போது நன்றாகத்தான் இருப்பான். திடீரென்று பிடித்தால் மூச்சு வாங்க விடாது. வண்டியை ஓரங்கட்டி வாந்தியெடுக்க வேண்டியதுதான். முடிந்ததும் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். இது என்ன எழவு வியாதி என்று அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பயணிகளுக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. அவர்கள் பேச்சைக் கேட்டு ஆட்டு வால் கொழுப்பைக் காய்ச்சிக் குடித்ததில் தொப்பை போட்டதுதான் மிச்சம்.

கடைசியில் டாக்டர் அனார்கானிடம் போனான். அந்த அம்மாள் ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "இது நீல இருமல்தாம்பா, கக்குவான்னு சொல்வாங்களே அது" என்றாள்.

தாலாய்க்குச் சிரிப்பு வந்தது. "கிண்டல் பண்றீங்களாக்கா? அது குழந்தைங்களுக்கு வர்றது. எனக்கு நாப்பத்திரண்டு வயசு. என் மூஞ்சி நீலமாவா இருக்கு?"

"பேரு வெச்சவங்க இருமி இருமி நீலம் பாஞ்ச குழந்தைங்களைப் பாத்து வெச்சாங்க. சின்ன வயசுல போட்ட ஊசியோட பலம் எப்பவோ தீந்துபோச்சு. பெரியவங்களுக்கு இப்படித்தான் மாசக்கணக்குல இழுக்கும். வீட்ல கைக்குழந்தை இருக்கா?"

"இல்ல" என்றான். பிறகுதான் தங்கை பெர்மெத்தின் மகள் நினைவுக்கு வந்தாள். பிறந்து முப்பது நாள். நாற்பது நாள் கழியும்வரை வெளியாள் கண்ணில் காட்டக்கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரியை வாசலோடு திருப்பி அனுப்பியவனே அவன்தான். ஆனால் தாய்மாமன் வெளியாளா? இரண்டு வாரத்துக்கு முன்பு குழந்தையை மடியில் வாங்கி, நெற்றியை முகர்ந்து முத்தமிட்டு, நடுவில் இரண்டு தடவை இருமியும்விட்டு வந்திருந்தான்.

உடனே போனை எடுத்தான். "பெர்மெத், பாப்பா இருமுறாளா?"

"என்னண்ணே திடீர்னு? ஒரு இருமல்கூடக் கிடையாது."

அப்பாடா என்றிருந்தது. டாக்டரிடம் சொன்னான். அவள் முகம் தெளியவில்லை. இருமாத குழந்தைக்கு எதற்கு இந்த முகம் என்று அவனுக்கு விளங்கவில்லை.

"அவ்வளவு சின்னதுக்கு இருமத் தெரியாதுப்பா. நடுநடுவுல மூச்சு நின்னு வருதான்னு கேளு."

கேட்டான்.

"அது உனக்கு யாருண்ணே சொன்னா? நேத்துலேருந்து அப்படித்தான் இருக்கு. கண்ணு பட்டிருக்கும்ங்கறாங்க மாமியார். நாப்பது முடிஞ்சதும் ஆஸ்பத்திரியில காட்டலாம்னு இருக்கோம்."

"இப்பவே தூக்கிட்டு வாடி!" என்று கத்தினான்.

"ஐயோ, என்னண்ணே ஆச்சு அவளுக்கு?"

என்ன ஆயிற்று என்று இப்போது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.