மிளகுப் பணம்

கடைசி மூட்டையும் தராசில் ஏறியது. எண்கள் ஆடி நின்றன. மொத்தம் முந்நூற்று ஆறு கிலோ. மண்டிக்காரர் ராஜா முகமது ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்த்தார்.

"நல்லாக் காய வெச்சிருக்கீங்க சின்னுசாமி. பணத்த யாரு கணக்குல போடட்டும்?"

"புள்ள கணக்குலயே போட்டுருங்க. அதுக்குத்தான் போன்ல கட்டறதெல்லாம் தெரியும்," என்று அப்பா மகளைக் காட்டினார்.

அருள்மொழியின் கணக்கில் இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் வந்து விழுந்தது. அத்தனை பெரிய தொகையை அவள் அதில் பார்த்ததே இல்லை.

"நாளைக்கே தம்பி கார்டுக்குக் கட்டிரு சாமி. கடன் கேக்கற ஆளுக போன்ல பேசறது காது குடுத்துக் கேக்க முடியல," என்றார் அப்பா.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மலைமேலிருக்கும் வளப்பூர் நாட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வந்து சேந்தமங்கலத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். சம்பளம் பதினைந்தாயிரம். அதில் ஆறாயிரத்து இருநூறு, மாதம் பிறந்தால், பி.பார்ம் படிக்க வாங்கிய கல்விக் கடனுக்குப் போய்விடும். ஐந்து வருடமாக ஒரு தவணைகூடத் தவறியதில்லை. கூடப் படித்தவர்கள் கல்யாணப் பத்திரிகையோடு வந்துபோனார்கள். இவள் தவணை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். தம்பி கதிர்வேல் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்தபோது, "பையன் கடனோட வெளிய வரக்கூடாது" என்று அப்பா காட்டிலிருந்த சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்று ரொக்கமாகக் கட்டினார். படித்து முடித்துப் பெங்களூர் போனான். இரண்டு கிரெடிட் கார்டு, புது பைக், நண்பர்களோடு கோவா. வேலை போனது. மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறான். அவன் எழுந்திருக்கும்வரை அம்மா பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் கழுவுகிறாள்.

கோபமாக இருந்திருந்தால் சத்தம் போட்டுத் தீர்த்திருக்கலாம். இதை யாரிடமும் சொல்ல முடியாது. இருபத்தெட்டு வயதில் தம்பியின் தூக்கத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோம் என்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் விடியற்காலையில் தலைவாரும்போது, போர்வைக்கு வெளியே நீண்டிருக்கும் அவன் கால்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் வாரினாள்.

மறுநாள் மதியம் கடை முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கார்டுக்குக் கட்டுவதற்காகப் போனை எடுத்தாள். கதிர்வேல் இரண்டு கார்டு நம்பரையும் அனுப்பியிருந்தான். கூடவே, "தேங்க்ஸ்க்கா. ஒரே நாள்ல எல்லாம் முடிஞ்சிரும்." ஒரே நாள் என்ற சொல்லிலேயே அவள் கண் நின்றது.

அந்தப் பக்கத்தை மூடினாள். தன் கடன் கணக்கைத் திறந்தாள். பாக்கி ஒரு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்து நானூற்றுப் பதினெட்டு. அப்போது ஒரு கிழவர் காய்ச்சல் மாத்திரை கேட்டு வந்தார். கொடுத்தாள். சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தாள். "சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்று சொல்லவும் மறக்கவில்லை. அவர் படியிறங்கியதும் கடனைக் கட்டி முடித்தாள். கணக்கு முடிந்தது என்று வந்த குறுஞ்செய்தியை நான்கு முறை படித்தாள்.

சாயங்கால பஸ்ஸில் முதல் சில கொண்டை ஊசி வளைவுகள் வரை உடம்பே லேசாக இருந்தது. மேலே ஏற ஏற, அப்பாவிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

பஸ் நிறுத்தத்தில் கதிர்வேல் பைக்கோடு நின்றிருந்தான். ஒருநாளும் வராதவன்.

"கட்டிட்டியாக்கா?"

"ஊட்டுக்குப் போலாம், வா."

வாசலில் அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே போனால் தைரியம் போய்விடும் என்று அங்கேயே நின்று சொன்னாள்.

"அப்பா, கார்டுக்குக் கட்டலீங்க. என்ர காலேஜ் கடனுக்குக் கட்டிட்டேன். மிச்சம் பதினாலாயிரத்துச் சொச்சம் இருக்குது."

கதிர்வேல் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். அடுப்படியிலிருந்து அம்மா பாப்பாத்தி எட்டிப் பார்த்தாள்.

"உன்ர கடனத்தான் எப்பவோ தள்ளுபடி பண்ணிட்டாங்கன்னு சொன்னாங்களே," என்றார் அப்பா.

"யாருங்க சொன்னது? அஞ்சு வருசமாக் கட்டீட்டு இருக்கறேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கவே இல்லீங்களேப்பா."

அப்பா நிமிர்ந்தார். "அது நான் மரம் மரமா ஏறிப் பறிச்ச மொளகு. திருட்டுத்தனமா எதுக்கு எடுக்கோணும்? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்."

"அவன் கேட்டானுங்களா?"

அப்பா செம்பிலிருந்த மிச்சத் தண்ணீரைக் காலில் ஊற்றினார். ஏற்கெனவே கழுவிய காலில். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தார். அன்று வீட்டில் யார் எப்போது சாப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.

காலையில் அவள் பஸ்ஸுக்கு வந்தபோது கதிர்வேல் அவளுக்கு முன்னால் வந்து நின்றிருந்தான். பைக் இல்லை.

"எங்கடா?"

"நாமக்கல்லு. லாரி பாடி கட்டற பட்டறையில பில்லு போட ஆளு வேணுமாம். பன்னெண்டாயிரம்." ரோட்டைப் பார்த்தபடியே, "பைக்க வித்தா ஒரு கார்டு முடியும். இன்னொன்னுக்குத் தவணை கேக்கோணும். எப்பிடிக் கேக்கறது, யாரப் பாக்கறதுன்னு நீதான் சொல்லித் தரோணும்," என்றான்.

பஸ் வந்தது. ஒரே இருக்கையில்தான் இடம் கிடைத்தது. மூன்றாவது வளைவிலேயே அவன் தூங்கிவிட்டான், வாய் லேசாகத் திறந்திருக்க. பஸ் சாயும்போதெல்லாம் அவன் தோள் அவள்மீது வந்து விழுந்தது. அவள் நகரவில்லை.

அவன் மடியில் அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பை இருந்தது. அவளுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. அவன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு, அம்மா அவனுக்கு எதைக் கூடுதலாக வைத்திருக்கிறாள் என்று பார்க்க, பையின் முடிச்சை அவிழ்ப்பதற்காக மெதுவாகக் கையை நீட்டினாள்.