ஜப்பார் கை தூக்கவில்லை

நாரின் என்ற மலையூரில் வீடு தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டிக்குப் பின்னாலேயே லைன்மேன் வண்டியும் வரும். லைன்மேன் கம்பத்தில் ஏறி இணைப்பைத் துண்டித்து, இறங்கி, ரப்பர் கையுறையைக் கழற்றி வெறுங்கையை உயர்த்திக் காட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர். நான்கு வருடத்துக்கு முன் ஒரு லைன்மேன் கையுறையோடே கையை ஆட்டி என்னவோ கேட்டான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட தீயணைப்புக்காரன் தகரக் கூரையிலிருந்து உயிரோடு இறங்கவில்லை. அன்றிலிருந்து இந்த வழக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறுவதும் இல்லை.

பிப்ரவரி மாதம், பகல் இரண்டு மணி. மேட்டுத் தெருவில் தீ என்று தகவல் வந்தபோது ஜப்பார் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருட லைன்மேன். வீட்டு எண்ணைக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அது அவருடைய சம்பந்தி ஒஸ்மோனின் வீடு. மகள் பெர்மெட்டை அங்கே கட்டிக்கொடுத்து ஏழு வருடம் ஆகிறது. மருமகன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான்.

"பதறாதீங்கண்ணே, எல்லாரும் வெளிய வந்துட்டாங்களாம்," என்றான் வண்டி ஓட்டிய உலார். "மாடுகூட வந்துருச்சாம்."

வந்திருந்தார்கள். தெருப் பெண்களுக்கு நடுவே பெர்மெட் ஒரு குழந்தையை இடுப்பிலும் இன்னொன்றைக் கையிலும் பிடித்தபடி நின்றாள். ஜப்பாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அடுப்படிப் பக்கம் எரிந்துகொண்டிருந்தது. கூரைத் தகரத்தின் இடுக்கெல்லாம் புகை. எர்கின் என்ற தீயணைப்புக்காரன் குழாயைப் பிடித்துக்கொண்டு ஏணி உச்சியில் தயாராக நின்றான்.

ஜப்பார் ஏறினார், வயரைத் துண்டித்தார், இறங்கினார். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. தெருவே அவர் கையைப் பார்த்தது. கையுறை கழலவில்லை.

காரணம் அவருக்கு மட்டும் தெரியும். இந்தக் குளிர்காலத்தில் வீட்டுக்கு இவ்வளவு கரண்டு என்று அளவு வைத்திருந்தார்கள். மீறினால் தானாக அணைந்துவிடும். ஊரே கம்பளிக் கோட்டோடு சாப்பிட்டு, கம்பளிக் கோட்டோடு தூங்கியது. ஜனவரியில் சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போன ஜப்பாருக்கோ கால்மணி நேரத்தில் வியர்த்துவிட்டது. அடுப்பு சில்லென்று கிடந்தது. இருபத்தாறு வருடம் கம்பம் ஏறியவருக்குத் திருட்டுக் கரண்டு மீட்டரைப் பார்த்துத்தான் தெரியவேண்டுமா? ஆனால் முதல் விருந்தாளிக்கான மரியாதையாக ஆட்டுத்தலையைத் தன் முன்னால் வைத்த வீட்டில் எவன் ஹீட்டரை எண்ணுவான்? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் கூடாது என்று கண்டும் காணாமல் வந்துவிட்டார். கேட்டால் மகளுக்குத்தான் வம்பு என்ற நினைப்பும் இருந்தது.

அவர் ஒஸ்மோனிடம் போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

"சம்பந்தி, வீட்டுக்கு வேற லைன் ஏதாவது வருதா?"

ஒஸ்மோன் சாதாரண ஆள் இல்லை. போன மாதம்தான் தெருக்கூட்டத்தில் கரண்டு திருடர்களைப் பற்றி அரைமணி நேரம் முழங்கியிருந்தார். இப்போது ஒப்புக்கொண்டால் மானம் கப்பலேறிவிடும். நாரினில் கப்பல் கிடையாது என்பது வேறு விஷயம்.

"என்ன சம்பந்தி, நாலு பேர் முன்னால என்னைத் திருடன்னு சொல்றீங்களா?"

"சொல்லல. கேட்டேன். இருக்கா, இல்லையா?"

"இல்ல. கையத் தூக்குங்க. வீடு எரியுது."

பதில் ரொம்ப வேகமாக வந்தது.

தீயணைப்புத் தலைவர் தலாய் ஓடிவந்தார். "அண்ணே, கரண்டு அணைஞ்சாச்சா இல்லையா? ஒத்த வார்த்தை சொல்லுங்க."

"நான் ஏறின கம்பத்துல அணைஞ்சாச்சு."

"அது பாதி பதில்ணே."

"எனக்குப் பாதிதான் தெரியும்."

மேட்டுத் தெருப் பக்கம் முழுவதற்கும் கரண்டை நிறுத்தலாம். ஆனால் பிரசவ ஆஸ்பத்திரியும் அதே லைனில். கட்டுப்பாட்டு அறையிலிருந்து அனுமதி வர இருபது நிமிடம் ஆகும். உலார் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தான். ஜப்பார் இடுப்பளவு பனியில் வீட்டைச் சுற்றி வந்து பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை. மூன்றாவது ஜன்னல் வெடித்துச் சிதறியது.

"மக வீடு எரியுறத வேடிக்கை பாக்குற அப்பனை இன்னைக்குத்தான் பாக்குறேன்!" என்றாள் ஒருத்தி.

"கம்பத்துல ஏறினாரா, கனவுல ஏறினாரா, கேளுங்கய்யா!" என்றான் இன்னொருவன்.

ஏணியிலிருந்து எர்கின் குரல் கொடுத்தான். "ஜப்பார் அண்ணே, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. இங்க மேல நல்லா கதகதன்னு இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. எர்கினுக்கு இரண்டு பிள்ளைகள். தூக்காத ஒவ்வொரு நிமிடமும் மகளின் வீடு போகிறது. தூக்கினால் அவன் உயிரே போகலாம். சம்பந்தியைப் பொய்யர் என்று சொல்ல ஜப்பாருக்கு வாய் எழவில்லை. கடைசியில் அவர் செய்தது, பிறகு எத்தனை நாள் நினைத்தாலும் கூசவைத்த காரியம். மகளிடம் திரும்பினார்.

"பெர்மெட், நீ சொல்லும்மா."

மாமனார் பெயரை ஏழு வருடத்தில் ஒருமுறைகூட உச்சரிக்காதவள் அவள். அவர் எதிரில் குரல் உயர்த்தியும் பேசியதில்லை. எந்த மருமகளும் பேசுவதில்லை. பெர்மெட் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தாள்.

"இருக்குப்பா," என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "பின் தெரு கம்பத்துலேருந்து வருது. வரட்டி அடுக்குக்குப் பின்னால, பூமிக்கடியில. அடுப்படித் தரைக்குக் கீழ நுழையுது."

ஜப்பாரும் உலாரும் பின் தெருவுக்கு ஓடினார்கள். கம்பத்தில் டெஸ்டரை வைத்ததும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. வெட்டினார். ஓடிவந்து கையுறையைக் கழற்றி வெறுங்கையை உயர்த்தினார். தண்ணீர் பாய்ந்தது. அடுப்படியும் இரண்டு அறைகளும் போய்விட்டன. மிச்சம் இரண்டு அறைகள் நின்றன. எர்கின் இறங்கிவந்து ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

தலாய் ஒரு படிவத்தை நீட்டினார். எத்தனை இணைப்புகள் என்ற இடத்தில் ஜப்பார் 'இரண்டு' என்று எழுதினார். முழுப் பூசணிக்காயை இனிமேல் எந்தச் சோற்றில் மறைப்பது? வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவேண்டும். ஒஸ்மோன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வீட்டுல இருக்குற பெரியவங்க யாரு வேணா போடலாம்," என்றார் தலாய்.

பெர்மெட் பேனாவை வாங்கினாள். குளிரில் மை உறைந்திருந்தது. வாயருகே வைத்து ஊதிச் சூடாக்கி, நிதானமாகக் கையெழுத்திட்டாள்.

"உங்கப்பா வண்டி நிக்குது," என்றார் ஒஸ்மோன், அவளைப் பார்க்காமலே. "ஏறிப் போயிடு."

ஜப்பார் கதவைத் திறந்து பிடித்தார். "வாம்மா. பிள்ளைங்களையும் கூட்டிக்கோ."

"நான் இப்ப வந்தா, தப்பு பண்ணினது நான்னு ஆயிடும்பா."

"உன்னை இங்க எப்படி விட்டுட்டுப் போவேன்?"

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கு விருந்தன்னிக்கே தெரியும். நீங்க கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க கேக்கல."

அவமானத்தில் ஜப்பாருக்கு முகம் எரிந்தது. பெர்மெட் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஒஸ்மோன் வாசலை மறித்து நின்றார். அவள் வழக்கம்போல் குனிந்து அவருக்கு வணக்கம் சொன்னாள். பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு போய், எரியாத பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே போனாள்.