ஓட்டை போட்ட கட்டில்

கலைமதி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். வல்லத்திராக்கோட்டையில் அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற ரோட்டில், கணபதியின் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வருஷமாக அவளுக்குக் கொடுத்திருந்த வேலை, வேலைச்சீட்டு எழுதுவது. என்ன வண்டி, என்ன கோளாறு, வேலை செய்தவர் யார். அந்தக் கடைசிக் கட்டத்தில் அவள் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா கையில கிரீஸு?" என்பார் கணபதி. ஏதோ அவள் கைக்குத் தினமும் இவர்தான் சோப்பு வாங்கித் தருகிற மாதிரி.

அப்போதுதான் நாச்சியப்பனின் வண்டி வந்தது. திருமயம் பக்கத்து ஊர்க்காரர், சென்னையில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி சிவகாமி ஆச்சியும் இமயமலை வரைக்கும் போக வேண்டும், தார்ரோடு இல்லாத இடத்திலும் போக வேண்டும், ராத்திரி வண்டியிலேயே படுக்க வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கிற நீளமான வெளிநாட்டு வண்டி. கூடவே அதைப் பற்றிச் செங்கல் கனத்தில் ஓர் இங்கிலீஷ் புத்தகம். பட்டறையில் நாலு மெக்கானிக்குகளும் அதைத் தொடவில்லை. கணபதி அதைத் தூக்கி அவள் மேசையில் போட்டார். "படிச்ச பிள்ளைதானே, படி."

படித்தாள். வேறு யாருக்கும் அது புரியாததால், படித்ததைச் செய்யவும் செய்தாள். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை ஒன்றரை இஞ்சு உயர்த்தினாள். கணபதிக்கு அது போதவில்லை.

"நாலு இஞ்சு தூக்குனாத்தான் ரோட்ல போறவன் திரும்பிப் பாப்பான்."

"ஆக்ஸிலும் திரும்பிப் பாக்கும்ணே. ஒடைஞ்சு போயி."

வயிற்றுக்கடியில் கனத்த அலுமினியத் தகடு. முரட்டுப் பல் வைத்த டயர். பின்னால் ஒரு சின்னக் காற்று பம்பு. பின்சீட்டை மடக்கிப் போட்டு, அதன்மேல் மூன்று நீளப் பலகையாகக் கழற்றி எடுக்கிற கட்டில். ஒவ்வொரு பலகையும் இரும்புச் சட்டம் கொடுத்த தகடு, அதில் வரிசையாகப் பெரிய பெரிய ஓட்டை.

"கட்டில்ல எதுக்கும்மா ஓட்டை? மூட்டைப்பூச்சி காத்து வாங்கவா?" என்றார் கணபதி. பட்டறையே சிரித்தது. கலைமதி சிரிக்கவில்லை. ஓட்டையின் விளிம்பை ஒவ்வொன்றாக மேல்நோக்கி மடித்துக்கொண்டிருந்தாள். மெத்தையைப் போட்டால் உறுத்தாது. மெத்தை இல்லாவிட்டால் டயரைப் பிடிக்கும்.

வேலை முடிந்த அன்று நேராகப் போய்க் கேட்டாள். "ரெண்டாவது குழி காலியாத்தானே கெடக்கு. அதை எனக்குக் குடுங்க. இனிமே சீட்டு எழுத மாட்டேன்." குழி என்றால் வண்டிக்குக் கீழே இறங்கி நின்று வேலை பார்க்கிற பள்ளம். அது யாருக்கு இருக்கிறதோ அவன்தான் அங்கே மெக்கானிக்.

கணபதி மற்ற நாலு பேரையும் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெள்ளாத்து மணல்ல எறக்கு. அங்கிட்டுக் கரையில ஏத்திக் காட்டு. ஏறிருச்சுன்னா குழி ஒனக்கு. ஏறலைன்னா சீட்டு மேசைதான். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"வார்த்தை மாற மாட்டீங்களே?"

"கணபதி வார்த்தைம்மா அது."

ஞாயிற்றுக்கிழமை காலை. டயர்க் காற்றை முந்தின நாளே பதினெட்டு பவுண்டுக்குக் குறைத்து வைத்திருந்தாள். மணலுக்கு டயர் கொஞ்சம் தொளதொளவென்று பரந்து நிற்க வேண்டும். எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினார்கள். அவள் பின்பக்கம் ஆச்சிக்கு அடுப்பு வைக்கிற இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். முன்பக்கம் கணபதி வழக்கம்போலக் கம்பியால் டயரைத் தட்டிப் பார்த்தார். அவர் அப்பா லாரிப் பட்டறை வைத்திருந்த காலத்திலிருந்து அது வழக்கம். டங் என்று கேட்காத டயர் அவர் வாசலைத் தாண்டாது. டங். டங். இரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்தச் சத்தமே காதில் ஏறுவதில்லை.

ஆறு வரும்வரை நாச்சியப்பன் ஓட்டினார். கரையில் கலைமதி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வெள்ளாற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பாதி தூரம்தான். பின்சக்கரம் உறுமியது, வண்டி பின்பக்கமாகக் குந்தியது, வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது.

கரையில் பைக்கை நிறுத்தியிருந்த கணபதி அதற்குள் போனை எடுத்துவிட்டார். "டிராக்டர் சொல்லிட்டேம்மா! எறங்கி நெழல்ல நில்லு!"

கலைமதி இறங்கிப் பார்த்தாள். டயர் ஊதிய பலூன் மாதிரி விடைத்துக்கொண்டு நின்றது. காற்று அளக்கிற மீட்டரை வைத்தாள். நாற்பத்திரண்டு. ஏறுவதற்கு முன்னால் பார்க்காதது அவள் தப்பு. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"யாரு காத்து அடிச்சது?"

"நாந்தான்!" மணலில் கால் புதையப் புதைய வந்த கணபதி நெஞ்சை நிமிர்த்தினார். "மொதல்ல தட்டுனப்ப தொப்பு தொப்புன்னுச்சு. காத்தடிச்ச பெறகுதான் டங்குன்னுச்சு. சொத்தைக் காத்தோட வண்டிய அனுப்புனா என் பேரு என்னாகுறது?"

"அந்தக் காத்துதாண்ணே உங்க பேரைப் பொதைச்சு வச்சிருக்கு."

வால்வைத் திருகினாள். காற்று சீறியது.

"அய்யய்யோ, பஞ்சராக்குறா பாருங்க சார்!" கணபதி நாச்சியப்பனைப் பார்த்துக் கத்தினார்.

நாச்சியப்பன் மனைவியைப் பார்த்தார். ஆச்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியிலிருந்த சின்ன மண்வெட்டியை எடுத்தாள். "எந்தச் சக்கரத்தை மொதல்ல தோண்டணும், ஆத்தா?"

"பின்னாடி ரெண்டையும் ஆச்சி. சார், நீங்க மெத்தையை எடுத்து வெளிய போடுங்க."

நாலு டயரையும் பதினைந்துக்கு இறக்கினாள். வயிற்றுக்கடியில் இருந்த மணலைக் கையாலேயே வாரினாள். கட்டில் பலகையில் இரண்டை உருவி, பின்சக்கரங்களுக்கு முன்னால் சக்கரத்துக்கு ஒன்றாகச் செருகினாள், மடித்த விளிம்பு மேலே பார்க்க. சக்கரம் வழுக்கினால் இழுவையைத் தானாகக் குறைக்கிற பொத்தான் ஒன்று உண்டு. அதை அணைத்தாள். அது அந்தச் செங்கல் புத்தகத்தில் இருநூற்றுப் பதினெட்டாம் பக்கம்.

இங்கிட்டுக் கரையில் டிராக்டர் வந்து நின்றது. டிரைவர் வசந்தகுமார் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, "கட்டவா?" என்றான்.

"நில்லுங்கண்ணே. நெழல்ல நில்லுங்க."

மெதுவாக மிதித்தாள். மிக மெதுவாக. பலகை நறநறவென்று முனகியது. டயர் ஓட்டையைக் கவ்வி, வண்டி அரை அடி ஏறி, ஓர் அடி ஏறி, பலகையைத் தாண்டி மணல்மேல் வந்தது. அவள் நிறுத்தவில்லை. பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதற்கும் நிறுத்தவில்லை. அங்கிட்டுக் கரைச் சரிவில் முன்சக்கரம் ஏறிய பிறகுதான் பிரேக்கைத் தொட்டாள். நாச்சியப்பனும் ஆச்சியும் ஆளுக்கொரு பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். மெத்தையைச் சுமந்து வந்தவர் கணபதி.

"இந்த ஓட்டைக் கட்டில் யாரோட யோசனை?" ஆச்சி மூச்சு வாங்கக் கேட்டாள்.

"எங்க பட்டறைல…" என்று தொடங்கினார் கணபதி.

"நான் செஞ்சேன்" என்றாள் கலைமதி. "ஸ்பிரிங்கு, தகடு, கட்டில், எல்லாம் நான். அண்ணன் காத்து மட்டும் அடிச்சாரு."

ஆச்சி சிரித்ததில் கணபதியின் மீசைகூட ஒரு பக்கம் ஆடியது. ஆனால் கலைமதி விடுவதாக இல்லை. முன்சீட்டில் கிடந்த வேலைச்சீட்டை எடுத்து, பேனாவோடு பானெட்மேல் வைத்தாள்.

"எழுதுங்க. குழி என்னோடதுன்னா இந்தக் கட்டத்துல எம்பேருதான் வரணும்."

"பட்டறைக்குப் போயி எழுதிக்கிறலாம்மா."

"இங்கயே. கணபதி வார்த்தைன்னீங்கள்ல?"

கணபதி மெத்தையைக் கீழே வைத்தார். பேனாவை வாங்கி, 'வேலை செய்தவர்' என்ற கட்டத்துக்கு நேரே குனிந்தவர், தலையைத் தூக்கினார்.

"இனிஷியல் என்னம்மா?"

இரண்டு வருஷம். தினம் காலை எட்டரைக்கு வந்து அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தவள்.

"மீ. எங்கம்மா மீனம்மாள். பெருசா எழுதுங்க. சின்னதா எழுதுனா அடிச்சிட்டுத் திரும்ப எழுதச் சொல்லுவேன்."

எழுதினார். அவள் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டயருக்குக் காற்றடிக்கப் பம்பை எடுத்தாள். கணபதி உதவிக்குக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றாள்.