குளியலறையில் இரண்டு மைக்குகள்

படப்பிடிப்புக்கு மூன்றே நாள் இருந்தபோது அவளுடைய மைக் காலை வாரிவிட்டது. அருவிக்கரையில் ஒத்திகை தொடங்கி அரைமணிகூட ஆகவில்லை. ஈரம் உள்ளே இறங்கி, நடிகையின் குரலுக்குப் பதில் கடுகு பொரிகிற சத்தம்தான் காதில் விழுந்தது. நீட்டிய திசையில் வரும் குரலை மட்டும் பொறுக்கியெடுக்கும் ஷாட்கன் மைக் இல்லாமல் அந்த இரைச்சலில் வசனம் பிடிப்பது நடக்கிற காரியமில்லை.

நண்பர்கள் அவளுக்கு வைத்த பட்டம் பாம்புச்செவி. முழுநீளப் படத்துக்கு அவள் ஒலிப்பதிவு செய்வது இதுதான் முதல் தடவை. மறுநாள் ஒலிக்கருவிக் கடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றாள்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று நீளமாக, ஒயிலாக இருந்தது. மற்றது குட்டையாக, கடப்பாரைத் துண்டு மாதிரி. நீளமானதைக் காதில் கேட்டதுமே அவள் மனம் அதனிடம் போய்விட்டது. இரண்டுமே எந்த ஈரத்துக்கும் அசராது என்று அவர் அடித்துச் சொன்னார்.

"அப்போ வாங்குறதுக்கு முன்னாடி ஒருதடவை வேகவெச்சுப் பாத்துடலாமா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய வண்டியிலேயே அவள் வீட்டுக்கு வந்தார்.

குளியலறைக் கொடியில் இரண்டு மைக்கையும் கட்டி, வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, கதவை ஒயர் போகும் அளவுக்கு மட்டும் விட்டுச் சாத்தினாள். இருவரும் ஆளுக்கொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நடையில் சம்மணமிட்டார்கள். துண்டும் கையுமாக வந்த மாமியார் அந்தக் கோலத்தைப் பார்த்து நின்றார்.

"உள்ள யாரு?"

"மைக் அத்தே. நீங்க கதவிடுக்குல ஏதாவது பேசிக்கிட்டே இருங்களேன்."

பேசச் சொன்னால் மாமியாருக்குக் கேட்கவா வேண்டும்? மகன் துவைக்காமல் போட்ட சட்டையில் ஆரம்பித்தார். இருபதாவது நிமிடம் நீளமான மைக்கில் லேசாக ஒரு பொரிச்சல். பிறகு கடகடவென்று முழு இரைச்சல். கடைக்காரரின் முகம் சுருங்கியது. அவள் குட்டையானதற்கு மாறினாள். நீராவிக்கு நடுவே அத்தையின் குரல் துல்லியமாக வந்தது. வளையல் உரசலும், மூச்சு வாங்குவதும்கூட. ஒரு மணி நேரம் ஆகியும் அது அசைந்துகொடுக்கவில்லை.

"இதுதான்," என்றாள். இரண்டுமே அசராது என்று அடித்துச் சொன்னவரே தான்தான் என்பதை மறந்து, கடைக்காரர் தொடையில் தட்டி ஆமோதித்தார்.

படப்பிடிப்பன்று சாரல் முகத்தில் அறைந்தது. மைக்குக்குக் காற்றுத்தடுப்பு உரோம உறையைப் போர்த்தி, முழங்கால் தண்ணீரில் நின்று, அதை மாட்டிய கழியை நீட்டினாள். நடிகை முணுமுணுப்பாகச் சொன்ன ஒரே வரி, அருவியை விலக்கிக்கொண்டு வந்து காதோடு பேசியது. இயக்குநர் ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார்.

அவளால் பொறுக்க முடியவில்லை.

"சார், அடுத்த ஷாட்டுக்கு இன்னும் பத்தடி உள்ள போலாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடக்கத் தொடங்கினாள்.