இருபத்தேழாம் தெருவுக்குப் போய் வந்தவர்கள்

என் வீட்டுக்காரருக்கு எதையும் யோசித்துத்தான் சொல்லத் தெரியும். காப்பியா டீயா என்று கேட்டால்கூட ஒரு தடவை மோட்டுவளையைப் பார்ப்பார், ஒரு தடவை தரையைப் பார்ப்பார், பிறகுதான் வாயைத் திறப்பார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் எனக்கு அது பழகிவிட்டது. அவருடைய சிநேகிதர் ஹமீது அண்ணனுக்கும் பழகித்தான் இருந்தது. நடுவில் ஒரு ஜப்பான் படம் வந்து கெடுத்தது.

தாராவியில் எங்களுக்கு மளிகைக் கடை. எதிர் வரிசையில் நாலு கதவு தள்ளி ஹமீது அண்ணன் பெல்ட் தைக்கிற பட்டறை, இங்கே கார்கானா என்பார்கள். நாங்கள் உடன்குடிப் பக்கம், அவர்கள் மேலப்பாளையம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் கார்கானாவில் எட்டுப் பேரும் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வரும்வரை சாவியும் கார்கானாவும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷமாக இதில் ஒரு வாரம் தவறியதில்லை. தொழுகை முடிந்ததும் அண்ணன் மனைவி அக்தர் பானு எங்களுக்கு ஒரு தூக்கில் நெய்ச்சோறு கொடுத்தனுப்புவாள். நான் அந்தத் தூக்கைக் கழுவி, முறுக்கோ கருப்பட்டியோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியோ போட்டுத் திருப்பி அனுப்புவேன். பாத்திரத்தை வெறுமனே அனுப்பினால் உறவை வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

மாதத்தின் முதல் வெள்ளி மட்டும், சாப்பிட்ட கையோடு இருவரும் செம்பூருக்குப் படம் பார்க்கப் போவார்கள். என்ன படம் என்று கேட்கக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒரு சட்டம். முன்னொரு காலத்தில் எந்தப் படம் என்று சண்டை போட்டே ஆட்டத்தைத் தவறவிட்டவர்கள், அதனால் நாலு மணிக்கு எது ஓடுகிறதோ அதுதான் படம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இப்படித்தான் ஐம்பத்தைந்து வயசுக்காரர்கள் இரண்டு பேர், இந்தியில் டப்பிங் செய்த 'இருபத்தேழாம் தெரு' என்ற ஜப்பான் படத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

அந்தப் படத்தைப் பார்க்காதவள் இந்தச் சந்தில் நான் ஒருத்திதான். ஆனாலும் கதை எனக்கு மனப்பாடம், அத்தனை பேர் வந்து சொல்லிவிட்டார்கள். வரப்போகிற ஒரு காலத்தில் ஜப்பானில் அரிசிக்குப் பஞ்சம். அரசாங்கம் வருஷத்துக்கு ஒரு தெருவைக் குலுக்கிப் போட்டு எடுத்து, இரண்டு முனையிலும் சுவர் எழுப்பிவிடும். உள்ளே முப்பது பேர், மூன்று நாள், ஆளுக்கொரு ஆயுதம். கடைசியில் ஒருத்தர்தான் உயிரோடு இருக்கலாம், அவருக்கு ஆயுசுக்கும் ரேஷன் இலவசம். முப்பது பேரில் சலூன்காரரும் நூடுல்ஸ் கடைக்காரரும் பால்ய சிநேகிதர்கள். கடைசியில் அவர்கள் இரண்டு பேர்தான் மிஞ்சுகிறார்கள். சலூன்காரர் அழுதுகொண்டே நூடுல்ஸ்காரரைச் சுட்டுவிடுகிறார். படம் முடிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் கேட்டிருக்கிறார்: "ஏலே பாண்டி, அந்தத் தெருவுல நீயும் நானும் மிஞ்சியிருந்தா, என்னயச் சுடுவியாலே?"

விளையாட்டாகத்தான் கேட்டிருக்கிறார். "சீ, போலே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது கதை. இந்த மனுஷர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். சுனாபட்டி போனது, சயான் போனது, இவர் ஜன்னலைப் பார்த்தபடியே வருகிறார். தாராவியில் இறங்கியதும் அண்ணன், "போதும்லே, ரொம்ப யோசிக்காத" என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்துவிட்டார்.

"அப்படி என்னத்தத்தான் யோசிச்சிய?" என்று நான் கேட்டேன்.

"சொன்னா நீ சண்டைக்கு வருவ" என்றார். எனக்கு வந்த எரிச்சலில் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன், அதையும் பேசாமல் குடித்தார்.

அந்த வாரம் முழுக்க ஊரே அந்தப் படத்தைத்தான் பேசியது. இசக்கியின் டீக்கடையில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. சலூன்காரர் செய்தது சரி என்று ஒரு பெஞ்சு, துரோகம் என்று எதிர்ப் பெஞ்சு. இசக்கிக்குப் படமே பிடிக்கவில்லை. "நம்ம சந்துல மூணு நாளு விட்டுப் பாக்கச் சொல்லு. மொத நாளு கமிட்டி போடுததுக்கே போயிரும். ரெண்டாம் நாளு தலைவர் யாருன்னு சண்டை. மூணாம் நாளு கவர்மென்டே செவத்த இடிச்சுப் போட்டு, ஆள விடுங்கடேன்னு ஓடிரும்" என்றான். இன்னொருவருக்கு வேறு கவலை. அத்தனை பேர் இருந்தும் தகரக் கூரை வழியாகத் தாண்டிப் போக ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே, என்ன தெரு அது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹமீது அண்ணன் மகள் மெஹக் காலேஜில் படிக்கிறாள், படம் பார்த்துவிட்டு இந்தியில் ரீல் போடுகிறவள். "ஏக்தம் கடக்! ஃபுல் பைசா வசூல்! தோஸ்தி-வோஸ்தி எல்லாம் இன்டர்வல் வரைக்கும்தான் பாஸ்!" என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசியிருந்தாள், படம் பிரமாதம், சிநேகிதமெல்லாம் பாதிப் படம் வரைக்கும்தான் என்று அர்த்தம். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்களாம். அதில் நம் சந்துக்காரர்கள் அத்தனை பேரும் உண்டு. பஸ்ஸில் நடந்தது எப்படியோ வெளியே கசிந்து, என் வீட்டுக்காரரைப் பார்த்து "என்ன சலூன், நல்லாருக்கியளா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர் சிரித்து வைத்தார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

எதிர்க் கருத்துச் சொன்னவர் மாதுங்கா ஹரிகிருஷ்ணன் சார். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு சினிமா விமர்சனம் எழுதுகிறார். கருப்பட்டிக்கு மட்டும் எங்கள் கடைதான். அந்தப் படத்துக்கு ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் போட்டு, 'மனிதனை நம்பாத படம். ரத்தம் நிறைய, காரணம் குறைவு. தியேட்டரில் பாதிப் பேர் விசில் அடித்தார்கள், பதினோரு பேர் எழுந்து போனார்கள். நான் பதினோரு பேரின் கட்சி' என்று எழுதியிருந்தார். புதன்கிழமை கடைக்கு வந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒன்னரை போட்டிய, சரி. படம் வாரதுக்கு முன்னாலயே எழுதியிருந்தா இவுக ரெண்டு பேரும் போயிருக்க மாட்டாக இல்ல?"

"வராத படத்துக்கு எப்படிம்மா எழுதறது?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. பக்வாஸ், சுத்தக் குப்பைன்னுதான் எழுதினேன். ஆனா ஆத்துக்குப் போனதும் நானும் என் ஆம்படையாள்கிட்ட அதே கேள்வியைக் கேட்டேன். நாம ரெண்டு பேர் மிஞ்சினா என்ன பண்ணுவேன்னு."

"என்ன சொன்னாக?"

"முதல்ல கேஸை அணைச்சேளா, பால் பொங்கறதுன்னா."

சிரித்தேன். ஆனால் அவர் போன பிறகு மனசு சரியில்லை. அந்த அம்மாளுக்குச் சட்டென்று ஒரு பதில் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு இல்லாமல் போய்விட்டதே.

மறு வெள்ளி வந்தது. வழக்கம்போலப் பன்னிரண்டே முக்காலுக்கு இவர் முகத்தைக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு எதிர் வரிசைக்குப் போனார். நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஹமீது அண்ணன் கார்கானா ஷட்டரை இழுத்துவிட்டுப் பூட்டினார். பக்கத்தில் வந்து நின்ற இவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே டீக்கடைக்குப் போய் இசக்கி கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்தார். சந்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் பார்த்தார்கள். இவர், பூட்டிக் கிடந்த ஷட்டருக்கு முன்னால் நின்றுவிட்டு, திரும்பி வந்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் நான் அதை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

இரண்டரை மணிக்குத் தூக்கு வந்தது. ஆம்பிளைகள் சண்டை அடுப்படிக்கு வராது என்பது பானுவின் நியாயம். ஆனால் நான் கோபக்காரி. நெய்ச்சோற்றை வேறு பாத்திரத்தில் கொட்டி, தூக்கைக் கழுவித் துடைத்து, ஒரு மணி சீனிகூடப் போடாமல் அப்படியே கொடுத்தனுப்பினேன். அனுப்பிவிட்டு வாசல்வரை வந்து பார்த்தேன். ஆனாலும் திருப்பிக் கூப்பிடவில்லை.

அரைமணி நேரம் ஆகவில்லை, ஹமீது அண்ணன் அந்தத் தூக்கோடு கடைக்கு வந்து நின்றார். பின்னாலேயே பர்தாவைச் சரிசெய்தபடி பானு. கடையில் நாலு பெண்கள் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தியும் நகரவில்லை.

"மதினி, எம்மேல கோவம்னா என்னய ஏசுங்க. பாத்திரத்த வெறுமன அனுப்புவியளா? பானு அங்க இருந்து அழுதா."

"அவ அழுதது தெரியுது, இங்க இவுக அழுதது தெரியலயா? சாவிய இசக்கி கையில குடுத்திய இல்ல? அது மட்டும் வெறும் பாத்திரம் இல்லயா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தூக்கை மெதுவாகப் பலகைமேல் வைத்தார். "நான் என்ன மதினி செய்ய? ஒரு கேள்வி கேட்டேன். இல்லன்னு ஒரு வார்த்த வரலயே. செம்பூர்ல இருந்து தாராவி வரைக்கும் இவன் யோசிச்சான். சுடுதது இல்ல, அந்த யோசனதான் எனக்குத் தாங்கல."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். "இப்பவாச்சும் வாயத் தொறங்க. இல்லன்னா நான் இந்தக் கடைய விட்டு எறங்கிப் போயிருவேன்."

இவர் மோட்டுவளையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

"ஒன்னயச் சுடவா வேண்டாமான்னு நான் யோசிக்கவே இல்லலே. அதுல யோசிக்க என்ன இருக்கு? நான் போனா இந்தா நிக்குத ஆறுமுகத்தாய் சமாளிச்சுக்கிடுவா. கடைய ஓட்டுததே அவதான். நீ போனா பானு என்ன செய்வா? ஒத்தையில பேங்குக்குப் போகத் தெரியாது அவளுக்கு. மெஹக் படிப்பு நிக்கும். கார்கானாவுல எட்டுப் பேரு. அப்ப நாந்தானே போகணும்? ஆனா நீ சுடமாட்ட. கோழி அறுத்தாலே அந்தப் பக்கம் திரும்பிக்கிடுத ஆளு நீ. அப்ப நானே சுட்டுக்கிடணும். ஒன் கண்ணு முன்னால வச்சுச் செய்ய முடியுமா? என்ன சாக்குச் சொல்லி ஒன்னய அந்தப் பக்கம் அனுப்பன்னு யோசிச்சேன். டீ வாங்கிட்டு வான்னு சொல்லலாம்னா, எல்லாரும் செத்த தெருவுல ஏது டீக்கட? அதுக்குள்ள தாராவி வந்துட்டு."

ஹமீது அண்ணன் "லூசுப் பயலே" என்று சொல்லிக்கொண்டே வந்து இவரைக் கட்டிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, தோள் இரண்டும் குலுங்கின. பானு பர்தா நுனியால் கண்ணைத் துடைத்தாள். சாமான் வாங்க வந்தவர்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். எல்லாருக்கும் எல்லாம் சரியாகிவிட்டது.

எனக்கு மட்டும் சரியாகவில்லை. நான் போனா அவ சமாளிச்சுக்கிடுவா. எவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட்டார். பெருமையாகத்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். இந்தச் சந்தில் எல்லாரும் என்னைப் பற்றிச் சொல்வதும் அதுதான். ஆஸ்பத்திரியா, முனிசிபாலிட்டியா, தண்ணீர்ச் சண்டையா, ஆறுமுகத்தாயைக் கூப்பிடு. நானும் அதைக் கேட்டுக் கேட்டு நிமிர்ந்துதான் நடந்தேன். ஆனால் இந்த மனுஷர் ஒரு பஸ் பயணத்துக்குள் என்னைத் தாலியறுக்க வைத்து, நான் சமாளித்தும் விட்டேன் என்று முடிவு செய்து, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கையிலிருந்த அளவுப் படியைக் கீழே வைத்தேன்.

"நான் சமாளிக்க மாட்டேன்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கடையச் சமாளிப்பேன். சண்டையச் சமாளிப்பேன். நீங்க இல்லாம என்னால முடியாது. ஒரு நாளுகூட முடியாது. யாரக் கேட்டு என்னய விட்டுட்டுப் போக முடிவு பண்ணினிய?"

நாலு பேர் முன்னால் புருஷனிடம் இப்படிப் பேசுகிறவள் இல்லை நான். முகமெல்லாம் நெருப்பாகச் சுட்டது. ஹமீது அண்ணன் இவரை விட்டுவிட்டு ஓரடி நகர்ந்துகொண்டார்.

இவர் மோட்டுவளையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"சரி, போகல" என்றார், உடனே.