தப்பாக அமுக்குகிறவர்கள்

...அம்மாவின் முட்டி வலியைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அந்த வழியையும் அம்மாவே அடைத்துவிட்டாள், காலையில் பூண்டு உரித்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "என் முட்டியை எல்லாம் உன் லெட்டர்ல எழுதாதே, நான் நல்லாத்தான் நடக்கிறேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள், பொய்யும் இல்லை, ஆபரேஷன் முடிந்து எட்டு மாதமாகிறது, வாக்கரில் இப்போது துண்டுதான் காய்கிறது, நேற்று மொட்டை மாடிவரை ஏறித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவளைப் படுத்த படுக்கை என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுவது... மணி பத்தேகால். பன்னிரண்டுக்குள் பதில் போயாக வேண்டும். வருகிறேன் அல்லது வரவில்லை, ஒரே ஒரு வரி, கையெழுத்துக்கூட வேண்டாம். வரவில்லை என்பதில் இவளுக்குச் சந்தேகமே இல்லை, நான்கு மாதமாக இல்லை, அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரி மெயில் வந்த அன்றே இல்லை. இல்லாதது காரணம்தான். காரணம் இல்லாமல் ஒரு நல்ல வேலையை வேண்டாம் என்றால் அதற்கு என்ன பெயர், திமிர் என்பார்கள், பயம் என்பார்கள், இரண்டும் இல்லை என்று யாரிடம் போய் நிரூபிப்பது, நிஜமாகவே இரண்டும் இல்லையா, சரி, பயம் கொஞ்சம் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும்.

கருவியை இயக்கிவிட்டு ஹெட்போன் மெத்தைகளை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள், சிவப்பு வலது காது, நீலம் இடது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைச் சோதித்து அனுப்புகிற இடம் இது, எடை, ரத்தம், எக்ஸ்ரே, கண் என்று ஒவ்வோர் அறையாகத் தள்ளிக்கொண்டு வந்து கடைசியில் இவளுடைய காது அறையில் கொண்டுவந்து விடுவார்கள். இங்கே யாருக்கும் பெயர் கிடையாது. ரத்தம் எடுக்கிறவர் ஊசி அண்ணன், எக்ஸ்ரேக்காரர் மூச்சைப் பிடி சார், இவள் காது மேடம். ஏழு வருடத்தில் எத்தனை பேருக்குக் காது நன்றாக இருக்கிறது என்று எழுதி விமானம் ஏற்றியிருப்பாள், ஏற்றிவிட்டவள் மட்டும் இதே சுழல் நாற்காலியில், அதில் ஒரு சக்கரம் கோணல், எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் உருண்டு ஓடாது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்... அக்கா கேட்டால் சிரிப்பாள், ஒரு நாற்காலிக்காகவா உட்கார்ந்திருக்கிறாய் என்பாள். அக்கா வெளிநாடு போய்ப் பதினோரு வருடம். அதே படிப்பு, அதே வேலை, அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் காதுப் பிரிவுக்கே அவள்தான் பொறுப்பு, தங்கைக்காக ஆலாய்ப் பறந்து அங்கே ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருப்பவளும் அவளேதான். நாளுக்கொரு காரணம் அனுப்புகிறாள், சம்பளம் என்றாள், மேற்படிப்பு என்றாள், புதுக் கருவிகளைப் படம் பிடித்து அனுப்பினாள், எதை அனுப்பினாலும் கடைசி வரி ஒன்றுதான், உன் நல்லதுக்குத்தாண்டி சொல்றேன். நல்லதுக்கு என்று ஆரம்பித்துவிட்டால் அப்புறம் மறுத்துப் பேச வாய் ஏது.

வீடியோவில் நேர்முகம் வைத்தார்களே, அன்றைக்கே வேண்டாம் என்றிருக்க வேண்டும். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் குறை என்ன என்று ஒருவர் கேட்டார், எனக்குக் காது கொஞ்சம் அதிகமாகவே கேட்கும், அடுத்த அறையில் என்னைப் பற்றிப் பேசினால்கூடக் கேட்டுவிடும் என்றாள், இதை இங்கே சொல்லியிருந்தால் ஊசி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்திருப்பார், அங்கே மூன்று பேரும் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்கள், பிறகு ஒருவர், மறுபடி சொல்ல முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார், மறுபடி சொன்னாள், ஒரு ஜோக்கை இரண்டாம் தடவை விளக்கிச் சொல்வதைப் போல ஒரு கொடுமை உண்டா... வேலை கிடைத்துவிட்டது, மானம்தான் போனது. மாலையில் அக்கா கூப்பிட்டு, இங்கெல்லாம் அப்படிப் பேசி வைக்காதே, சிரித்த முகமாக இருந்தால் போதும் என்றாள். அப்படியானால் அங்கே போய் வருடக்கணக்கில் சிரித்த முகமாக இருக்க வேண்டும், நாள் பூராவும் நல்லவளாகவே இருந்து தொலைக்க வேண்டும், யாரையும் சீண்ட முடியாது, யாரிடமும் எரிந்து விழ முடியாது. அக்கா எப்படிப் பேசுகிறவள், அவள் வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும், இப்போது போனில் ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து வைத்து எடுத்து வைத்துப் பேசுகிறாள், எப்போதிலிருந்து இப்படி ஆனாள், யாரும் கவனிக்கவில்லையே.

கதவைத் திறந்துகொண்டு முதலில் வந்தது ஒரு ஃபைல், அதற்குப் பின்னால் ஒரு பெரியவர், அவருக்கும் பின்னால்தான் சோதனைக்கு வந்த ஆள். மாப்பிள்ளை வெல்டர், முப்பது வயதிருக்கும், முன்னங்கைகளில் பொறி தெறித்த புள்ளிகள். விசா, டிக்கெட், கம்பெனி எல்லாம் மாமனார் ஏற்பாடாம், இந்தக் காது ஒன்றுதான் பாக்கியாம், பார்த்துப் போட்டுவிடுங்கள் என்று ஏதோ முத்திரை குத்துகிற வேலை மாதிரி சொன்னார். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வெல்டரைச் சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, எவ்வளவு சின்னதாகக் கேட்டாலும் அமுக்குங்கள் என்றாள். அவர் உள்ளங்கையைக் காதோரம் குவித்து, "என்னங்க?" என்றார். இரைந்து சொன்னாள். தலையாட்டினார். இவள் வெளியே வந்து கருவி முன்னால் உட்கார்ந்து, நடுச் சுருதியில் நாற்பது டெசிபலில் ஆரம்பித்தாள், பொத்தானை அமுக்கினால் எரிகிற விளக்கு எரியவில்லை, ஐம்பது, அறுபது, எழுபதில் எரிந்தது. உயர்ந்த சுருதி, எழுபது. தாழ்ந்த சுருதி, எழுபது. வலது எழுபது, இடதும் எழுபது. எழுபது என்றால் பக்கத்தில் நின்று கத்த வேண்டும். பாவம், இந்த வயதில் இப்படியா என்றுதான் முதலில் நினைத்தாள், பட்டறை இரைச்சலாக இருக்கும் என்று நினைத்தாள்... ஆனால் இரைச்சலில் கெட்ட காது இப்படித் தராசு பிடித்த மாதிரி கெடாதே.

அப்புறம்தான் உறைத்தது, இந்த ஆள் ஒரு தடவைகூடத் தப்பாக அமுக்கவில்லை. நிஜமாகவே காது மந்தமானவர்கள் தப்பாக அமுக்குவார்கள். இவள் ஒன்றுமே அனுப்பாமல் சும்மா இருப்பாள், உள்ளே அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்துவிட்டதாக நினைத்து அமுக்கிவிடுவார்கள், விளக்கு எரியும், கேட்க வேண்டும் என்ற ஆசை அப்படி. போன வாரம் ஒரு தையல்காரர், பாவம், வரிசையாக எட்டு தடவை வெறும் அமைதிக்கு அமுக்கினார். வேண்டும் என்று நினைக்கிறவருக்கு இல்லாததுகூடக் கேட்கும். வேண்டாம் என்று முடிவெடுத்து வந்தவர் மட்டும்தான் இவ்வளவு சுத்தமாக உட்கார்ந்திருப்பார்... ஆமாம், நான் எத்தனை தடவை தப்பாக அமுக்கினேன், என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நான்கு மாதத்தில் அந்த ஊர் வரைபடத்தை ஒரு தடவை பார்த்தேனா, அங்கே என்ன குளிர் என்று தேடினேனா, என்ன செருப்பு வாங்குவது என்று ஒரு நாளாவது யோசித்தேனா, கண்ணாடி முன்னால் நின்று அந்த ஆஸ்பத்திரிச் சீருடையில் நான் எப்படி இருப்பேன் என்று... கிடையாது. ஊசி அண்ணன் மனைவி எங்கேயும் போகப் போவதில்லை, பேச்சுவாக்கில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அங்கே சூட்கேஸ் எத்தனை கிலோ அனுமதிப்பார்கள் என்று விசாரித்தாள். ஆசை என்றால் அது. அப்போது பயம் இல்லை, திமிரும் இல்லை, அம்மாவும் இல்லை, வெறுமனே ஆசையே இல்லை, அவ்வளவுதான் விஷயம், இவ்வளவு சின்ன விஷயத்துக்கா நான்கு மாதம்.

ஆனால் முதலில் உள்ளே இருக்கிற ஆளைப் பிடிக்க வேண்டும். கோபம்கூட வந்தது, காது கேளாதவர்கள் எட்டு தடவை அமுக்கிவிட்டு அழுதுகொண்டு போகிற அறை இது, இங்கே வந்து நாடகமா. சத்தத்தை இருபத்தைந்துக்கு இறக்கினாள், குழந்தை தூங்குகிற அறையில் பேசுகிற அளவு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மைக்கில் சாதாரணமாக, முடிந்தது, ஹெட்போனைக் கழற்றிவிடலாம் என்றாள். வெல்டர் கழற்றினார். கழற்றிக் கொக்கியில் மாட்டப்போன கை பாதியில் அப்படியே நின்றது. அசடு வழிந்தது முகத்தில். இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, அவரும் சிரித்துவிட்டார், கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேர் சத்தமில்லாமல் சிரித்தார்கள். வெளியே வந்து இவள் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"கேட்கலைன்னு எழுதிடுங்க மேடம். என் காதுதானே."

எழுத முடியாது என்றாள். அங்கே வேலை பிடிக்கவில்லையா, யாராவது ஏமாற்றுகிறார்களா என்று விசாரித்தாள், அதெல்லாம் ஒன்றுமில்லை, நல்ல கம்பெனிதான், மாமாவும் நல்லவர்தான், இங்கேயும் கேட் கிரில் செய்கிற சொந்தப் பட்டறையில் வேலை குறைவில்லாமல் ஓடுகிறது, போக இஷ்டமில்லை, அவ்வளவுதான் என்றார். அதைச் சொல்வதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"இஷ்டமில்லைன்னு சொல்றதுக்குக் காது எதுக்குங்க? வாய் போதுமே. வெளியேதானே உட்கார்ந்திருக்காரு, போய்ச் சொல்லுங்க."

"இஷ்டமில்லைங்கறது ஒரு காரணமா மேடம்?"

காரணம்தான் என்று சட்டென்று சொல்லிவிட்டாள், யாருக்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மறுபடி உட்காரவைத்து முறையாகச் சோதித்து, இரண்டு காதும் நன்றாக இருக்கிறது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளை அவர் கையிலேயே கொடுத்தாள், மாமனாரைக் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. வெல்டர் தாளை மடித்தார், பிரித்தார், கதவைத் திறந்தார். என்னாச்சு என்று மாமனார் எழுந்தது தெரிந்தது, காது நல்லா இருக்காம் என்று இவர் சொன்னது கேட்டது, அப்புறம், "மாமா, நான் போகலை" என்றார், அதோடு அந்தக் கனத்த கதவு தானாக வந்து சாத்திக்கொண்டது. பெரியவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கலாமா என்று தோன்றியது, ஆளைக் கிளப்பிவிட்டது நாம்தானே, போகவில்லை, அது அவர் குடும்பம்.

மணி பதினொன்றே முக்கால். மெயிலைத் திறந்தாள், காரணம் என்று எதையும் போடாமல், வர இயலவில்லை, நன்றி என்று அடித்து முடித்தாள். அனுப்புவதற்கு முன்னால் அக்காவிடம் வாயால் சொல்லிவிட வேண்டும், ஊரார் காதை எல்லாம் விரட்டி விரட்டிச் சோதித்துவிட்டு, வாயைத் திற என்று முன்பின் தெரியாதவருக்குப் புத்தி சொல்லிவிட்டு, தான் மட்டும் மெயிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது என்ன நியாயம். அக்காவுக்கு இப்போது அரை மணி இடைவேளை, முதல் மணியிலேயே எடுத்தாள், அனுப்பிட்டியா என்றுதான் ஆரம்பித்தாள்.

"நான் வரலக்கா."

அம்மாவா காரணம், அம்மாவுக்குத்தான் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேனே என்று அக்கா மளமளவென்று தொடங்கினாள், நேற்றே தயார் செய்து வைத்த பேச்சு, அது தெரிந்தது.

"அம்மா இல்லக்கா. அம்மா நல்லாத்தான் இருக்கா. எனக்கு வர இஷ்டமில்ல, அவ்வளவுதான்."

திட்டுவாள் என்று காத்திருந்தாள். உனக்காக எத்தனை பேர் காலைப் பிடித்தேன் தெரியுமா என்பாள், நன்றி கெட்டவள் என்பாள், அதற்கெல்லாம் பதில் இருந்தது, எதற்கும் அசைந்து கொடுக்கக் கூடாது என்று காலைத் தரையில் ஊன்றி நாற்காலியை நிறுத்தி வைத்திருந்தாள். அக்காவுக்குப் பின்னால் யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம், யாரோ அந்த ஊர்ப் பாஷையில் யாரையோ கூப்பிடுகிற சத்தம், அக்கா, லைன்ல இருக்கியா என்று இவள் கேட்டாள், இருக்கேன் என்றாள் அக்கா, மறுபடி தட்டுகளின் சத்தம்.

"ஒரு ஆள் கூட இருந்தா நல்லாயிருக்கும்னு பார்த்தேன். வேற ஒண்ணுமில்ல. விடு."

இதைப் பதினோரு வருடத்தில் அக்கா சொன்னதே இல்லை. இவள் வாயெடுப்பதற்குள், அம்மாவை மாடி ஏற விடாதே என்று பழைய அக்காவாக ஒரு அதட்டுப் போட்டுவிட்டு வைத்துவிட்டாள். இவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் எட்டு நிமிடம் இருந்தது, அடித்ததை அழித்துவிட்டு வேறு அடிக்க எட்டு நிமிடம் தாராளம். அழிக்கவில்லை. அனுப்பினாள். மனசு கிடந்து ஆடும் என்று எதிர்பார்த்தாள், ஆடவில்லை, கண் மட்டும் கலங்கிக்கொண்டு வந்தது, மேஜை மேல் ஸ்பிரிட் பஞ்சுதான் இருந்தது, அதால் துடைக்க முடியாது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்... முதல் நாளே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா இவள், தனியாக இருக்கிறது, வாடி என்று ஒரு வார்த்தை, சொல்லியிருந்தால் போயிருப்பேனா, கட்டாயம் போயிருப்பேன், கூடப் பிறந்தவள் கூப்பிட்டால் போகாமல்... இல்லை. போயிருக்கமாட்டேன். அழுதிருப்பேன், தினமும் இரண்டு தடவை போன் பண்ணியிருப்பேன், போயிருக்கமாட்டேன். அது அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் நான்கு மாதமாகச் சம்பளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.