முதுகுப் பக்கப் படம்

தையல் கடைத் திரைக்குப் பின்னால், கல்யாண உடையில், கைகளை லேசாகத் தூக்கியபடி நின்றிருந்தாள் டீச்சர். பாதி தையல், பாதி குண்டூசி. அசைந்தால் குத்தும். டைலரக்கா கடைசி ஊசியை இடுப்பு மடிப்பில் செருகிவிட்டு மேசையிலிருந்த போனை எடுத்தாள். தன் முதுகைத் தானே பார்க்க யாராலும் முடியாதல்லவா? அதனால் அளவு பார்க்க வரும் பெண்களின் முதுகைப் படம் பிடித்துக் காட்டி, "இன்னும் இறுக்கணுமா, இது போதுமா?" என்று கேட்பது அவள் வழக்கம். அதற்காகவே நல்ல கேமரா உள்ள போனாகத் தேடி இணையத்தில் வாங்கியிருந்தாள்.

வாங்கிய கதையைக் கேட்டால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். துணிக்கடையில் அவளை ஏமாற்ற எவனாலும் முடியாது. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், நூலை உருவி இழுப்பாள், ஈர விரலால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று சோதிப்பாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு பழைய போனை வெறும் படத்தைப் பார்த்து வாங்கினாள். விற்றவனுக்கு முகவரி இல்லை, பில் இல்லை. "அக்கா, அக்கா" என்று குழைந்தான், கேட்ட விலைக்கு இறங்கினான். போதாதா? பேரத்தில் ஜெயித்துவிட்டதாகத் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாள். பார்சல் வந்த அன்று அவன் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னான். "உள்ள ஏற்கெனவே ஒரு அக்கவுண்ட் இருக்கும்க்கா. அதை எடுத்துடாதீங்க, வாரண்டி போயிடும்." அவளும் அதைத் தொடவே இல்லை.

டீச்சரைப் படம் எடுத்த மறு நிமிடம் போன் அதிர்ந்தது. விற்றவனிடமிருந்து செய்தி. திறந்தாள். டீச்சரின் பாதி திறந்த முதுகு, குண்டூசிகள், எதிர்க் கண்ணாடியில் தெரிந்த டீச்சரின் முகம். டைலரக்கா இப்போதுதான் எடுத்த அதே படம். கீழே ஒரு வரி: "தையல் பிரமாதம்க்கா."

அவள் யாருக்கும் எதையும் அனுப்பவில்லையே! அடுத்தடுத்துப் படங்கள் வந்தன. ஆஸ்பத்திரி நர்ஸ், பேக்கரிக்காரரின் மருமகள் என்று இந்தப் போனில் அவள் எடுத்த ஒவ்வொருத்தியும் வந்தாள். பிறகு மணியே அடித்தது. போனைத் தூக்கிக்கொண்டு தையல் மிஷின் இருந்த பின்னறைக்கு ஓடினாள்.

"பயப்படாதீங்கக்கா," என்றான். "நீங்க எடுக்கற படம், சேர்த்து வச்ச நம்பர் எல்லாம், அதுல இருக்கற என் அக்கவுண்ட்டுக்குத் தானா வந்துடும். பணம் அனுப்புங்க, அழிச்சுடறேன். இல்லேன்னா உங்க தெருவுல எல்லார் போனுக்கும் போகும்."

"போலீசுக்குப் போவேன்," என்றாள்.

"தாராளமா போங்க. இதையெல்லாம் எடுத்தது யாருன்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?" சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

போனைக் குப்புறக் கவிழ்த்து, மேலே துணிகளைக் குவித்தாள். அப்போதும் அவன் பார்த்துக்கொண்டே இருப்பது போலிருந்தது. இஸ்திரிப் பெட்டியால் போட்டு நொறுக்கலாம். நொறுக்கி என்ன பயன், படங்கள் அவனிடம் அல்லவா இருக்கின்றன? கேட்டதைக் கொடுத்துவிட்டால் என்ன? டீச்சருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

"அக்கா, கை வலிக்குது!" திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் கூப்பிட்டாள். "படம் நல்லா வந்துச்சா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு டைலரக்காவால் மறைக்க முடியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு போய், திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னாள்.

டீச்சரின் முகம் வெளுத்தது. யாரோ அறைக்குள் நுழைந்துவிட்டது போல இரண்டு கைகளாலும் மார்பைப் பொத்திக்கொண்டாள். "என் முகம் தெரியுதா?"

"தெரியுதும்மா."

"உங்கள நம்பித்தானேக்கா உள்ள வந்தேன்! முதல்ல இதைக் கழட்டுங்க!"

அவசர அவசரமாக ஊசிகளைப் பிடுங்கினாள் டைலரக்கா. இரண்டு இடத்தில் டீச்சரின் தோளில் கீறியது. டீச்சர் தன் உடைக்கு மாறி வாசல்வரை போய் நின்றாள்.

"அவனுக்குப் பணம் அனுப்பிட்டீங்களா?"

"இல்ல."

"அனுப்பாதீங்க. இன்னிக்குக் குடுத்தா நாளைக்கும் கேப்பான். எனக்குக் கோவம் போகல. ஆனா மறைக்காம சொன்னீங்க பாருங்க, அதுக்காக ஸ்டேஷனுக்குக் கூட வர்றேன்."

காவல் நிலையத்தில் பெண் அதிகாரி ஒருவர் செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லவேளை, எதையும் அழிக்கல. படத்தையெல்லாம் எடுத்தது யாரு?"

அவன் மிரட்டியது இதைச் சொல்லித்தான். டைலரக்காவின் தலை தானாகக் குனிந்தது.

"அளவு பாக்கறதுக்காக என் சம்மதத்தோட அக்கா எடுத்தாங்க மேடம்," என்றாள் டீச்சர். "திருடினது அவன்."

அதிகாரி தலையசைத்தார். "அவன் அக்கவுண்ட்டை முடக்க இப்பவே எழுதறேன். ஆனா ஒரு படம்கூட வெளிய போகாதுன்னு என்னால வாக்கு குடுக்க முடியாது."

அந்தப் பயம் டைலரக்காவை இன்னும் விடவில்லை. யார் போன் அடித்தாலும் தூக்கிவாரிப் போடுகிறது. மற்ற பெண்களுக்கும் அவளே பேசி விஷயத்தைச் சொன்னாள். நர்ஸ் வாய்க்கு வந்தபடி திட்டினாள். பேக்கரிக்காரரின் மருமகள் அதற்குப் பிறகு கடைப் பக்கமே வரவில்லை. இப்போது அளவு பார்க்கும் இடத்தில் எதிரெதிராக இரண்டு கண்ணாடிகள் மாட்டியிருக்கிறாள்.

சில நாள் கழித்துப் பக்கத்துச் சலூன்காரர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். "டைலரக்கா, இந்தப் போனைப் பாருங்க, பாதி விலை! பில் மட்டும் இல்லையாம்."

டைலரக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "விலையைப் பாக்காதீங்கண்ணே, விக்கறவன் யாருன்னு பாருங்க. பில் இல்லையா, ஆள் நேர்ல வரமாட்டானா, விட்டுடுங்க. பழைய போன்னா, உள்ள இருக்கற அவன் அக்கவுண்ட்டை அவன் கையாலயே அழிக்கச் சொல்லி, எல்லாம் காலியாச்சான்னு பாத்துட்டுக் காசு குடுங்க. அழிக்காதேன்னு எவனாவது சொன்னா அங்கயே திரும்பிடுங்க. அதையும் மீறி மாட்டிக்கிட்டா, வெக்கப்பட்டுக்கிட்டு ஒளிச்சு வைக்காதீங்க. நாலு பேர்கிட்ட சொல்லுங்க. நாம வாயை மூடிக்கிட்டு இருக்கற வரைக்கும்தான் அவனுக்குப் பொழப்பு."